பங்கு வைக்க மனமில்லாத செவிகள்

நாம் நேசிக்கும் ஒருவரை நாடும் நேசிக்கத் தொடங்கினால் நம் மகிழ்ச்சி இரட்டிப்பாக வேண்டும். நல்லாசிரியர் ஒருவரின் புகழ் பரவும்போது மாணவர் நெஞ்சு நிமிர்கிறது. பிறந்த ஊருக்குப் பெருமை வரும்போது ஊரார் உள்ளம் குளிர்கிறது. இசையுலகில் மட்டும் ஒரு விந்தை. ஒரு பாடகரைத் தொடக்க நாளிலேயே கண்டுகொண்டு, அவருக்காகப் பிறரோடு வாதாடி, அவர் குரலை ஊணுறக்கம் மறந்து கேட்டவர்களே, அவர் புகழ் ஓங்கும் நாளில் முகம் சுளிக்கின்றனர். 'அவர் முன்போல் இல்லை' என்பது அவர்களின் முதற்சொல். 'இவர்களுக்கெல்லாம் அவரைப்பற்றி என்ன தெரியும்?' என்பது அடுத்த சொல். முன்னது பாடகரைப் பற்றியது. பின்னது ஏனைய கேட்போரைப் பற்றியது. இவையிரண்டும் வேறு வேறு வழக்குகள் என்பதை அவர்கள் உணர்வதில்லை. நாமும் நெடுநாள் உணர்ந்தோமில்லை.

இவ்வுணர்ச்சிக்குப் பெயர் என்ன? அரபு மொழியில் இதனோடு தொடர்புடைய சொற்கள் மூன்று உள. பிறரிடம் உள்ள அருட்பேறு அவரைவிட்டு நீங்க வேண்டுமென விழைவது 'ஹஸத்'. அது அவரிடமும் இருக்கட்டும், நமக்கும் கிட்டட்டும் என விரும்புவது 'கிப்தா'. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டி, முன்னதை உள்ளத்தின் நோய் என்றும் பின்னதைக் குற்றமற்றது என்றும் விளக்கியுள்ளார்கள். இசை ரசிகர் இவ்விரண்டிலும் அடங்குவதில்லை. பாடகரின் குரல்வளம் கெட வேண்டுமென்று அவர் விரும்பவில்லை. அது தமக்கு வாய்க்க வேண்டுமென்றும் ஏங்கவில்லை. மூன்றாவது சொல் 'கைரத்'. நம்மவர் இதனை 'ரோஷம்' என வழங்குவர். கி.பி. 1072இல் மறைந்த இமாம் குஷைரீ (ரஹ்) தம் 'ரிஸாலா'வில் இதற்கென ஒரு தனித் தலைப்பே வகுத்துள்ளார்கள். தனக்குரியதில் இன்னொருவர் பங்காளியாவதை வெறுப்பதே கைரத் என்னும் கருத்து அங்கே காணப்படுகிறது. ரசிகரின் நோய்க்கு இதுவே பொருந்தும் பெயர்.

ஆனால், தனக்குரியது என்றால் எது? குரல் பாடகருடையது. பாட்டு புலவருடையது. மெட்டு முன்னோருடையது. கேட்டவருக்கு அதில் என்ன பங்கு இருந்தது, அது பறிபோக? இவ்வினாவுக்கு விடை காண நாம் நெருங்கி அறிந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறோம். அது கவ்வாலி வேந்தர் உஸ்தாத் நுஸ்ரத் ஃபதேஹ் அலீ கான் அவர்களின் வழக்கு.

1987ஆம் ஆண்டு. நாம் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்தோம். நம் கடற்கரை ஊர்களின் இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்று, ஒரே அறையில் மலையாளியோடும் பஞ்சாபியோடும் பாய் விரித்துப் படுத்த காலம் அது. வகுப்புத் தோழர் ஒருவரின் நானா துபாயிலிருந்து விடுமுறையில் வந்தபோது, உடன் தங்கியிருந்த பாகிஸ்தானியத் தொழிலாளி ஒருவர் அன்பளிப்பாகத் தந்த ஒலிநாடா ஒன்றைக் கொண்டுவந்தார். உறையில் உருது எழுத்தில் பாடகர் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது. தோழர் வீட்டு மாடியறையில் நால்வர் கூடி அதைக் கேட்டோம். இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை ஈண்டு நாம் தொட விரும்பவில்லை. நம் ஆசிரியப் பெருமக்கள் அதனை விரும்பாதவர்கள் என்பதும், ஆகவே மாடியறைக் கதவு சாத்தப்பட்டிருந்தது என்பதும் மட்டுமே இக்கதைக்கு வேண்டியவை.

நால்வரில் மூவர் மாணவர்; உருது அறிந்தவர்கள். நான்காமவர் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். அவருக்கு உருதும் தெரியாது, பார்ஸியும் தெரியாது. ஒவ்வோர் அடி முடிந்ததும் நாடாவை நிறுத்தி அவருக்குப் பொருள் சொல்லுவோம். பஞ்சாபியில் வந்த அடிகள் நமக்கே விளங்கா. எனினும் விளங்கியதுபோல் ஏதேனும் சொல்லிவிடுவோம். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைச் செருகிச் சுற்றிச் சரிசெய்யும் பணி அவருடையது. பொருள் சொல்லும் பெருமை நம்முடையது. இந்த ஊரில், ஏன், இந்த மாவட்டத்திலேயே இக்குரலை அறிந்தவர் நாம் நால்வரே என்று எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பாட்டைவிடச் சுவையாக இருந்தது என்பதை இன்று மறைப்பானேன்?

கவ்வாலியின் வரலாற்றில் நம் மாடியறைக் கதவுக்கு ஒரு முன்னோடி உண்டு. ஸூஃபிகள் இறைக்காதற் பாடலைச் செவிமடுப்பதை 'ஸமாஉ' என்றனர். பாக்தாதில் வாழ்ந்து 910ஆம் ஆண்டில் மறைந்த ஜுனைத் (ரஹ்) அவர்கள், இதற்கு மூன்று பொருத்தங்கள் தேவை எனக் கூறியதாக இமாம் கஸ்ஸாலி குறிப்பிடுகிறார்கள். தக்க வேளை, தக்க இடம், தக்க தோழர்கள் என்பவையே அவை. இவை வாய்க்காவிடில் கேளாமலிருப்பதே நன்று என்பது அவர்களின் கருத்து. டில்லியில் 1325இல் மறைந்த ஹஸ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்கள் இன்னும் நுணுக்கமாக நான்கு நிபந்தனைகள் வகுத்தார்கள். பாடுபவர் வளர்ந்த ஆண்மகனாயிருத்தல் வேண்டும்; கேட்பவர் இறைநினைவு உடையவராயிருத்தல் வேண்டும்; பாடப்படுவது ஆபாசமற்றதாயிருத்தல் வேண்டும்; இசைக்கருவிகள் கூடா. சுல்தான் கியாஸுத்தீன் துக்ளக்கின் ஆட்சியில் ஸமாஉ குறித்து உலமாக்கள் அவையில் விசாரணை நடந்தபோது, அதற்காக வாதாடியவர்களும் அவர்களே.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கருத வேண்டும். கச்சேரியைப்பற்றி நாம் பேசும்போது பாடகர் நன்றாயிருந்தாரா, பாட்டு நன்றாயிருந்ததா என்றுதான் கேட்கிறோம். இப்பெரியார்களோ, கேட்பவர் நன்றாயிருக்கிறாரா என்றும் கேட்டார்கள். கேட்பவர் பாட்டின் வெளியே நிற்பவரல்லர். அவரும் அதன் உறுப்பு. கவ்வாலி மஜ்லிஸின் நடைமுறையைப் பார்த்தால் இது கண்கூடு. கவ்வால் தம் எதிரே அமர்ந்திருப்போரின் முகங்களை நோக்கியவாறே பாடுவார். ஓரடியைக் கேட்டு ஒருவர் உள்ளம் உருகி, தலையசைத்து, எழுந்து சென்று காணிக்கை வைப்பார். அவருக்கு அந்த அடியே மருந்து என்பதை உணர்ந்த கவ்வால், மேலே செல்லாமல் அவ்வடியையே திரும்பத் திரும்பப் பாடுவார். வேறொருவரிடம் அசைவு தோன்றினால் பாட்டு அவர் பக்கம் திரும்பும். எந்த அடி எத்தனை முறை, எந்தப் பாட்டு எத்தனை நாழிகை என்பதைத் தீர்மானிப்பவர் பாதி கேட்பவரே. ரெகுலா குரேஷி என்னும் இசையறிஞர் 1986இல் வெளியிட்ட ஆய்வுநூலில் இந்தக் கொடுக்கல் வாங்கலைப் படிப்படியாக விளக்கியிருக்கிறார்.

ஆகவே 'என் பங்கு எது?' என்னும் வினாவுக்குக் கவ்வாலியிலேனும் நேரான விடை உண்டு. முப்பது பேர் அமர்ந்த மஜ்லிஸில் உம் கண்ணீர் பாட்டின் போக்கை மாற்றியது. முப்பதாயிரம் பேர் அமர்ந்த அரங்கில் உம் முகமே அவருக்குத் தெரியாது. பாடகர் அதே பாடகர். பாட்டும் அதே பாட்டு. நீர் மட்டும் பாட்டின் உறுப்பாயிருந்து பார்வையாளராகிவிட்டீர். இது வெறும் பொறாமையன்று, இழப்பேதான்.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. நான்கு நிபந்தனைகளைச் சொன்ன அதே பெரியாரின் அடக்கத் தலத்தில் இன்றளவும் வியாழன் இரவுகளில் கவ்வாலி நடக்கிறது. அங்கே வாயிலில் நின்று, 'நீர் தக்கவரா?' என எவரும் வினவுவதில்லை. மூட்டை தூக்குபவரும், வெளிநாட்டுப் பயணியும், மாற்றுச் சமயத்தவரும் ஒரே முற்றத்தில் அமர்கின்றனர். கருவி கூடாது என்ற நிபந்தனை என்னவாயிற்று? தபலா ஒலிக்கிறது, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வழியாக இந்தியாவுக்கு வந்த ஆர்மோனியப் பெட்டி முழங்குகிறது. பழைய முறை மாறக்கூடாது என்று இன்று வாதிடுவோர் கட்டிக்காப்பது பெரும்பாலும் அவர்தம் பாட்டனார் காலத்துப் புதுமையைத்தான்.

இனி நுஸ்ரத்திடம் வருவோம். அவருடைய குடும்பத்தார் ஜலந்தரைச் சேர்ந்தவர்கள். 1947இல் நாடு பிரிந்தபோது லாயல்பூருக்குக் குடிபெயர்ந்தனர். அவ்வூருக்கே 1977 முதல் ஃபைஸலாபாத் என்று பெயர். 1948இல் அங்கே பிறந்த நுஸ்ரத், தந்தை ஃபதேஹ் அலீ கான் 1964இல் மறைந்ததும், நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவில் பாடினார். சிறிய தகப்பனார் முபாரக் அலீ கான் மறைந்த 1971இல் குழுவின் தலைமை அவர்பால் வந்தது. மகன் பாடகனாகாமல் மருத்துவனாக வேண்டும் என்பதே தந்தையின் விருப்பமாயிருந்தது. (எத்தனை தந்தையரின் நல்ல திட்டங்களை இறைவன் எவ்வளவு அழகாக மாற்றிவிடுகிறான்!)

அவர் தந்தையார் வழிப் பாணியை அப்படியே பாடியவரல்லர். ஸரிகமச் சுரங்களை மின்னல் வேகத்தில் கோத்துப் பாட்டின் நடுவே பொழிவதை அவர் தம் கவ்வாலியின் உயிர்நாடியாக்கினார். சொல் விளங்காதவரையும் சுரம் பற்றிக்கொள்ளும். நம் துணிக்கடை நண்பர் மெய்ம்மறந்து அமர்ந்திருந்ததும் பெரும்பாலும் இவ்விடங்களில்தான். நம் பொழிப்புரையில் அன்று. எந்தப் பண்பினால் நாம் அவரைத் தனிப்பெருங் கலைஞர் எனக் கொண்டாடினோமோ, அதே பண்புதான் மொழியறியா மக்களிடமும் அவரைக் கொண்டுசேர்த்தது. விதைக்குள்ளேயே மரம் இருந்தது. நாம்தான் விதையை நம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள விரும்பினோம்.

ஃபைஸலாபாதில் ரஹ்மத் கிராமபோன் இல்லம் அவருடைய இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் வெளியிட்டது. 1980இல் பம்பாயில் ராஜ் கபூர் இல்லத் திருமணத்தில் அவர் பாடினார். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில், 1966இல் தொடங்கப்பெற்று 2017இல் மூடப்பெற்ற ஓரியண்டல் ஸ்டார் ஏஜென்சீஸ் என்னும் நிறுவனம், அங்குள்ள பஞ்சாபிய, காஷ்மீரியத் தொழிலாளர்களுக்காக அவருடைய நிகழ்ச்சிகளை நடத்திப் பதிவும் செய்தது. ஆலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் பகலெல்லாம் உழைத்தவர்களுக்கு அக்குரல் ஊரின் மண்வாசனை. பின்னர் 1985இல், பீட்டர் கேப்ரியல் என்னும் ஆங்கிலப் பாடகர் தொடங்கிவைத்த 'வோமாட்' இசைவிழாவில், எஸ்ஸெக்ஸ் கரையோரத்து மெர்ஸி தீவில், பெரும்பாலும் வெள்ளையர் கூடிய அவையில் நுஸ்ரத் பாடினார். உலகப் புகழின் வாயில் திறந்தது அன்றே என்பர்.

இந்த ஆண்டுகளை இன்று கூட்டிப் பார்க்கும்போது நமக்கு நாணமே உண்டாகிறது. மாடியறையில் நாம் நால்வர் மட்டுமே அவரைக் 'கண்டுபிடித்த'தாக எண்ணியிருந்த 1987க்கு இரண்டாண்டுகள் முன்பே மெர்ஸி தீவு நிகழ்ந்துவிட்டது. லட்சக்கணக்கானோரின் பாடகரை நால்வரின் சொத்தென நம்பியிருந்தோம்.

1990இல் வந்தது 'மஸ்த் மஸ்த்' என்னும் இசைத்தொகுப்பு. கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் நிறுவனத்துக்காக, மைக்கேல் புரூக் என்னும் கனடியக் கிதார்க் கலைஞருடன் இணைந்து செய்தது. நீண்ட கவ்வாலிக்குப் பதில் ஐந்தாறு நிமிடத் துண்டுகள். கைத்தட்டலுக்குப் பதில் மின்கிதார். ஸிந்து நாட்டு ஸேவானில் அடங்கியுள்ள லால் ஷஹ்பாஸ் கலந்தர் (ரஹ்) அவர்களைப் போற்றும் பாட்டே அதன் தலைப்புப் பாட்டுக்கு மூலம். பிரிஸ்டல் நகரின் 'மாஸிவ் அட்டாக்' குழுவினர் அதை மேலும் மாற்றி நடன விடுதிகளுக்குரியதாக்கினர். பழைய ரசிகர்கள் கொதித்தனர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. பதிவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டும்போது சில இடங்களில் சொற்றொடரே பாதியில் அறுபட்டுப் பொருளற்றுப் போயிற்று என்றும், நுஸ்ரத் அதை ஏற்க மறுத்தார் என்றும், பின்னர் திருத்தங்கள் செய்ய நேர்ந்தது என்றும் புரூக் அவர்களே கூறியிருக்கிறார். மொழியறியாத கைக்கு எது சொல், எது வெறும் ஓசை என்று தெரியவில்லை. நான்கு நிபந்தனைகளில் 'பாடப்படுவது' என்ற ஒன்றைப் பெரியார்கள் ஏன் வைத்தார்கள் என்பது இங்கே விளங்குகிறது.

இனி 1994. அன்று மெட்ராஸ் என்றே வழங்கிய சென்னைக்கு நால்வரும் ஒரு தோழரின் திருமணத்துக்குத் துணி எடுக்கச் சென்றிருந்தோம். ஒலிநாடாக் கடை ஒன்றின் வாசலில் பெரிய ஒலிபெருக்கி. அதில் 'மோஹ்ரா' என்னும் இந்திப் படத்தின் பாட்டு. கலந்தரின் இறைக்காதல் மயக்கத்தைக் குறித்த 'மஸ்த்' என்னும் அதே சொல், அதே மெட்டில், ஒரு பெண்ணின் கவர்ச்சியை வருணிக்கப் பயன்பட்டிருந்தது. நாம் மூவரும் திருட்டுக் கொடுத்த வீட்டார்போல் நின்றோம். நான்காம் நண்பரோ முகம் மலர்ந்தார். "நம்ம பாட்டு! பார்த்தீங்களா, மெட்ராஸுக்கே வந்துடுச்சு!" என்றார். கடைக்காரரிடம் மூலப் பாடகரின் பெயரைச் சொல்லி, அவருடைய நாடா இருக்கிறதா என்று கேட்கவும் செய்தார். இருந்தது. ஒன்றல்ல, பல. பை நிறைய வாங்கிக்கொண்டார்.

அன்றிரவு நாம் அவரிடம் கடுமையாகப் பேசினோம். 'இது என்னவென்று தெரியாமல் தலையாட்டுகிறீர். உமக்குப் பாட்டும் ஒன்று, பாழும் ஒன்று' என்று சொன்னது நாம்தான். மற்ற இருவர் அல்லர். அவர் மறுமொழி சொல்லவில்லை. ஊர் திரும்பியபின் மாடியறைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். சில மாதங்களில் ஸவூதிக்கு வேலைக்குச் சென்றுவிட்டார். தக்க தோழர்கள் வேண்டும் என்ற ஜுனைத் (ரஹ்) அவர்களின் சொல்லை மனப்பாடமாக வைத்திருந்த நாம், நால்வரில் ஒருவரை அந்தச் சொல்லின் பெயராலேயே விரட்டினோம்.

இது நமக்கு மட்டும் வந்த நோயன்று. லிவர்பூல் நகரில் 'கேவர்ன்' என்னும் நிலவறை மன்றத்தில் 1961 முதல் 1963 வரை, முந்நூறுக்குச் சற்றே குறைந்த முறைகள் 'பீட்டில்ஸ்' குழுவினர் பாடினர். நண்பகல் உணவு வேளையில் அலுவலகப் பெண்கள் ஓடிவந்து கேட்பார்கள்; விருப்பப் பாட்டைச் சீட்டில் எழுதி மேடைக்கு நீட்டுவார்கள். குழுவின் இசைத்தட்டு நாட்டிலேயே முதலிடம் பெற்ற செய்தி அங்கே அறிவிக்கப்பட்டபோது ஆரவாரத்துக்குப் பதில் அமைதி நிலவியதாகச் சொல்வர். இனி அவர்கள் நம்மிடம் இல்லை என்பதை அக்கூட்டம் உடனே உணர்ந்துகொண்டது. 1963 ஆகஸ்ட் 3ஆம் நாளுக்குப்பின் அவர்கள் அங்கே பாடவேயில்லை. அமெரிக்காவின் பாப் டிலன் மின்கிதாரைக் கையிலெடுத்த பிறகு, 1966 மே மாதம் மான்செஸ்டர் அரங்கில் ஒருவர் எழுந்து, ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் பெயரால் அவரைக் கூவி அழைத்த நிகழ்ச்சியும் பெயர்பெற்றது. லிவர்பூலின் மௌனம் இழப்பு. மான்செஸ்டரின் கூச்சல் குற்றச்சாட்டு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் தகாது.

அரபு உலகமும் இவ்வழக்கை அறியும். அப்பாஸியர் காலத்து பாக்தாதில், பழம்பாடல்களை ஆசிரியரிடம் பெற்றவாறே பாட வேண்டும் என்று இஸ்ஹாக் அல் மவ்ஸிலீ வாதிட்டார். கலீஃபாவின் மகனாகிய இப்ராஹீம் இப்னுல் மஹ்தியோ, தாம் விரும்பியவாறு மாற்றியே பாடுவேன் என்றார். அவ்விருவரின் சண்டையை அபுல் ஃபரஜ் அல் இஸ்பஹானீ 'கிதாபுல் அகானீ'யில் சுவைபட விரித்துரைக்கிறார். ஆயிரத்திரு நூறு ஆண்டுகளாகியும் தீர்ப்பு வழங்கப்படவில்லை.

நுஸ்ரத் இவற்றையெல்லாம் எங்ஙனம் எடுத்துக்கொண்டார்? தம் மெட்டுகளை இந்தித் திரையுலகம் நகலெடுத்ததைப் பெரும்பாலும் பெருந்தன்மையுடன் பேசிக் கடந்தவராகவே அவர் அறியப்படுகிறார். ஆனால் ஓரிடத்தில் அவர் மனம் நொந்தார். 'அல்லாஹூ' என்ற திக்ரின் மெட்டு, 1997இல் வந்த 'ஔஸார்' என்ற படத்தில் 'ஐ லவ் யூ' என்று மாறியபோது, தம் பக்திப் பாடல்களையேனும் மதித்திருக்கலாம் என்ற பொருள்பட வருந்தினார். அவர் கோடு கிழித்த இடம் எது என்பதைப் பாருங்கள். பாட்டை யார் கேட்கலாம் என்பதில் அவர் கோடு கிழிக்கவில்லை. எதைச் சிதைக்கலாகாது என்பதில்தான் கிழித்தார். நான்கு நிபந்தனைகளில் 'பாடப்படுவது' என்பதைக் கையிறுகப் பற்றினார். 'கேட்பவர்' என்பதைத் தம் இறைவனிடம் விட்டுவிட்டார்.

நாமோ நேர்மாறாக இருந்தோம். இதற்குச் சான்று நம்மிடமே உண்டு. 1997 ஆகஸ்டில் ஏ.ஆர். ரஹ்மான் அவர்களின் 'வந்தே மாதரம்' தொகுப்பு வெளிவந்தது. அதில் நுஸ்ரத் ஒரு பாட்டுப் பாடியிருந்தார். அது திருடப்பட்டதன்று, வெட்டப்பட்டதன்று, பொருள் மாற்றப்பட்டதன்று. அவரே விரும்பி, நம் தமிழ்நாட்டு இசையமைப்பாளரோடு அமர்ந்து பாடியது. மகிழ்ந்திருக்க வேண்டும். அப்போதும் நம் நாவில் வந்த சொல், 'இனிக் கல்லூரிப் பையன்களெல்லாம் அவரைப்பற்றிப் பேசுவார்கள்' என்பதுதான். சொல்லுக்காகக் கொதித்ததாக 1994இல் நாம் கூறியது முழு உண்மையன்று என்பது அன்று தெரிந்தது. பாதி, சொல்லின் மீதுள்ள பற்று. மறுபாதி, நாடாவை நிறுத்திப் பொருள் சொல்லும் நாற்காலி பறிபோன வருத்தம். அதே ஆகஸ்ட் 16ஆம் நாள் லண்டனில் நுஸ்ரத் மறைந்தார். வயது 48. செய்தியைக் கேட்டபோது சொல்லி அழ, நால்வரில் எவரும் நம் அருகில் இல்லை.

ரோஷம் முழுவதும் தீயதென்று நாம் சொல்லவில்லை. 'அல்லாஹூ' சிதைந்தபோது எவருக்கும் உறுத்தவில்லையென்றால், அக்கலை அன்றே செத்தது என்று பொருள். சொல்லைக் காக்க ஒரு சிறு கூட்டம் எப்போதும் வேண்டும். புரூக்கின் கத்தரிக்கோலை நிறுத்தியது மொழியறிந்த ஒருவரின் மறுப்பே. அச்சிறு கூட்டத்தார் தம் அறிவைக் கேட்போருக்குக் கொடையாகத் தந்தனரா, பூட்டாக மாட்டினரா என்பதே வினா. நாம் மாட்டியது பூட்டு.

2024 செப்டம்பரில், ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்குப்பின், நான்காம் நண்பரிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. ஊர்க்காரர் எவரிடமோ எண்ணைப் பெற்றிருக்கிறார். ஸலாம் ஒன்று, அதன்கீழ் ஓர் இசைத்தொகுப்பின் இணைப்பு, வேறொன்றுமில்லை. ரியல் வேர்ல்ட் நிறுவனத்தின் பண்டகத்தில் மறந்து கிடந்த பழைய நாடாக்களிலிருந்து எடுக்கப்பெற்று அம்மாதம் வெளியான 'செயின் ஆஃப் லைட்' என்னும் நுஸ்ரத்தின் தொகுப்பு அது. நான்கு நெடுங்கவ்வாலிகள். கிதார் இல்லை, வெட்டு இல்லை, முழுக் குழுவும் கைத்தட்டிப் பாடும் பழைய முறை. அவற்றுள் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களைப் போற்றும் பாட்டு அதற்குமுன் உலகம் கேட்டிராதது.

பதிவான ஆண்டைத் தேடிப் பார்த்தோம். 1990. இடம், இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் பாக்ஸ் என்ற சிற்றூரிலுள்ள ரியல் வேர்ல்ட் ஒலிப்பதிவுக் கூடம். எந்த ஆண்டில் அவர் பழமையைக் கைவிட்டுவிட்டார் என்று ரசிகர் கூட்டம் புலம்பியதோ அதே ஆண்டு. 'மஸ்த் மஸ்த்' தொகுப்பை வெளியிட்ட அதே நிறுவனம்.

நண்பருக்கு மறுமொழி எழுத நெடுநேரம் ஆயிற்று. இறுதியில், மூன்றாம் பாட்டில் ஓரடிக்கு நமக்குப் பொருள் விளங்கவில்லை என்று மட்டும் எழுதினோம். உடன் வேலை பார்க்கும் பஞ்சாபியர் ஒருவரிடம் கேட்டு, மறுநாள் குரற்பதிவாக அவர் பொருள் சொல்லி அனுப்பினார்.